சவுண்டு தன் குரலைத் தூக்கிய கதை

அரங்கக்காரர் சவுண்டுக்கு நாற்பதாயிரம் தர வேண்டியிருந்தது. புகைந்துபோன இரண்டு ஸ்பீக்கர்களின் விலை. எல்லாரும் ‘சவுண்டு’ என்று கூப்பிடும் இந்த மனிதர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவர். ஒற்றை ஆம்ப்ளிஃபயரை வைத்து ஒலிபெருக்கித் தொழிலில் தானே தலையெடுத்தவர். அவர் காதுக்கு ஈடு கிடையாது. சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கலாம். ஆனால் ஸ்பீக்கர் இல்லாமல் அடுத்த மாதத்து வேலைகள் மூன்றும் கைவிட்டுப் போய்விடும்.

அந்த அரங்கில் போன வாரம் நடந்த ஒரு கூட்டம் தொடங்குமுன் மேடையில் ஒரு சண்டை. சத்தத்தை ஏற்றச் சொன்னார் அரங்கக்காரர். தாங்காது என்றார் சவுண்டு. நடுவில் கூட்டச் செயலாளர். புகைந்தால் பணம் தருவதாக அரங்கக்காரர் சொன்னது சவுண்டின் காதில் அரைகுறையாக விழுந்தது. ஏற்றியதும் புகைந்தது. சொல்லவே இல்லை என்று அரங்கக்காரர் இப்போது சாதிக்கிறார். மேடை மேசையில் இருந்த மூன்று மைக்கும் போட்டபடியே இருந்ததால் எல்லாம் பதிவாகியிருந்தது. கேட்டால்தான் ஒரே சந்தை இரைச்சல்.

குரல் பிரிக்கும் மென்பொருளோடு மூன்று நாள் முட்டி மோதினார் சவுண்டு. பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார். தொழில் பழக்கத்தில் மூன்று மைக்கின் பதிவையும் ஒன்றாகக் கலந்தல்லவா கொடுத்திருக்கிறார்! ஒவ்வொரு மைக்கிலும் மூன்று குரலும் விழுந்திருக்கும். ஆனால் கிட்டே நின்றவர் பலமாக, தள்ளி நின்றவர் மெல்ல. அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுத்தான் மென்பொருள் ஆளைப் பிரிக்கும். கலந்துவிட்டால் கணக்கு ஏது?

தனித்தனியாகக் கொடுத்தார். திரையில் ஆளுக்கொன்றாய் மூன்று கோடுகள்! முதல் கோட்டில் சவுண்டேதான், மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தார். அடுத்தவர் பேச்சை அமுக்கியது அதுதான். அதை அணைத்தார். செயலாளரையும் அணைத்தார். அரங்கக்காரர் குரல் தெள்ளத் தெளிவாக வந்தது:

“புகைஞ்சா ரெண்டுக்கும் நான் காசு தரேன்யா, ஏத்து!”

“ஏய், ஓடி வா! கேளு, கேளு!” என்று குதித்தார்.

மனைவி வந்து கேட்டுப் பார்த்தாள். “உங்க குரல் எங்கங்க?”

“இந்தப் பொத்தானை அமுக்கினா நின்னுடும்.”

“இருபது வருஷமா இதைத்தான் தேடுறேன். எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க.”

மறுநாள் அரங்க அலுவலகத்தில் அதைப் போட்டுக் காட்டினார்.

“வெட்டி ஒட்டியிருப்பே,” என்றார் அரங்கக்காரர்.

“அப்ப மூணையும் சேர்த்தே கேளுங்க.” மூன்று குரலும் கூடி, அதே பழைய இரைச்சல் எழுந்தது. சவுண்டு பொத்தானை அமுக்கித் தன் குரலை மட்டும் தூக்கினார். அரங்கக்காரர் கொடுத்த வாக்கு கணீரென்று கேட்டது.

அரங்கக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “நான் ஒழுங்காத்தான் சொல்லியிருக்கேன். நீதான்யா கேட்க விடல!”

“இப்ப கேட்டாச்சுங்களே.”

மேசை இழுப்பறை திறந்தது. சவுண்டு கையை நீட்ட, விரித்த உள்ளங்கையில் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார் அரங்கக்காரர்.