முகமூடி அவர்களுக்கு, முகம் எங்களுக்கு

எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் எங்கள் தெருவில் இரண்டு சினிமாக் கம்பெனிகள் இருந்தன. ஒன்றை அண்ணனும் நானும் நடத்தினோம். இன்னொன்றைத் தெருக்கோடித் தோல் குடோனில் அந்தக் குடோன் முதலாளியின் மகன் நடத்தினான், எங்களுக்கு அவன் குடோன்காரன். அவனுக்கும் அண்ணனுக்கும் ஒரே வயது, ஒன்பதாவது முடித்திருந்தார்கள். நான் இரண்டு வகுப்பு கீழே. எங்கள் அப்பா அவன் அப்பாவிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இந்தக் கடைசி விஷயத்தை மறக்காமல் இருந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சினிமா என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அறையை இருட்டாக்கி, ஜன்னலை அட்டையால் மூடி, அதில் ஓர் ஓட்டை போட வேண்டும். வெளியே ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலை அந்த ஓட்டைக்குள் திருப்பிவிடுவான். அந்த வெளிச்சத்தின் குறுக்கே படத்தைச் சொருகி, முன்னால் தண்ணீர் நிரப்பிய பியூஸ் போன பல்பை வைத்தால், எதிரில் கட்டிய வேட்டியில் படம் பெரிதாக விழும். தலைகீழாகத்தான் விழும், அதனால் படத்தை நாம் தலைகீழாகச் சொருக வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் முதல் நாள் ஹீரோவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அசிங்கப்படுவார்கள்.

மற்றப் பிள்ளைகள் தியேட்டர் வாசலில் பொறுக்கிய துண்டு பிலிமை வைத்துக்கொண்டு அல்லாடினார்கள். எங்களிடம் அதைவிட உசத்தியான சரக்கு இருந்தது. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை உதவியாளர். பழைய படங்களைக் கழிக்கும்போது நாலைந்தைக் கேட்டு வாங்கி வருவாள். பெயர் எழுதிய மூலையை அங்கேயே நறுக்கிப் போட்டுவிட்டுத்தான் படம் வீட்டு வாசல்படி ஏறும், அதில் அம்மா கறார். சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் கறுப்பெல்லாம் உரிந்து, லேசான நீலத்தில் கண்ணாடி மாதிரி ஒரு தாள் மிஞ்சும். அதைச் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுக்கு நறுக்கி, கட்டைப் பேனாவில் மை தொட்டு நான் வரைவேன். அண்ணன் வேட்டிக்குப் பின்னால் நின்று எல்லாக் குரலிலும் பேசுவான்.

நான் வரைந்தது ஒரே ஆளைத்தான். மாதம் ஒருமுறை பஸ் ஸ்டாண்டு கடைக்கு வரும் காமிக்ஸ் புத்தகத்தில் ஒரு வீரன் இருந்தான். பகலில் தபால் ஆபீஸ் குமாஸ்தா. எங்காவது அநியாயம் நடந்தால் பச்சை முகமூடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். கடைக்கு இரண்டு பிரதிதான் வரும், இரண்டையும் குடோன்காரனே வாங்கிவிடுவான். ஒன்று அவன் படிக்க, இன்னொன்று நாங்கள் படிக்காமல் இருக்க. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு முறை புரட்டியதை வைத்துத்தான் நான் வரைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் வீட்டில் படம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு குடோனில் படம், அன்றைக்குத்தான் அங்கே வேலை இருக்காது. அவனிடம் புத்தகம் இருந்தது, வரையும் கை இல்லை. அவன் வரைந்த வீரனின் கைகால்களைப் பார்த்தால் முருங்கைக்காயைக் கட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆனால் அவனிடம் சுண்ணாம்பு அடித்த பெரிய சுவர் இருந்தது. தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க அவன் அப்பா வாங்கிய பெரிய பூதக்கண்ணாடியும் இருந்தது. எங்கள் வேட்டியில் என் வீரன் ஒரு முழம்தான் நிற்பான். அந்தச் சுவரில் விழுந்தால் ஆள் உயரத்துக்கு நிற்பான். அதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

அந்த மே மாத விடுமுறையில்தான் வம்பு வந்தது. அவன் கூட்டத்துப் பையன்களே ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை. புத்தகம் என்னுடையது, அதனால் ஆளும் என்னுடையவன், இனிமேல் நீங்கள் காட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினான். வரைந்தது நாங்கள், எங்களுடையவன் என்று நான் பதில் அனுப்பினேன். அண்ணன் அந்தப் பதிலை முக்கால்வாசி விழுங்கிவிட்டு, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் போய்ச் சொல்லியிருக்கிறான்.

குடோனுக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் பேச்சுவார்த்தை நடந்தது. அவன் தனியாக வரவில்லை. வாணியம்பாடியில் காலேஜ் படிக்கும் பெரியம்மா மகனையும் கூட்டி வந்தான். அவருக்கு அப்போதே வக்கீல் என்று பட்டப்பெயர். எங்களை எல்லாம் உட்காரச் சொல்லிவிட்டு, குச்சியால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றார். அப்படிச் சொல்கிறவர்கள் எந்தப் பக்கம் என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

நான் விடவில்லை. புத்தகத்தை வாங்கினால் தாளும் மையும்தான் சொந்தம், கடையில் சாமி படம் வாங்கினால் சாமி சொந்தமாகிவிடுமா என்று கேட்டேன். வக்கீல் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனிடம் தன்மையாகச் சொன்னார்.

"உங்கப்பா நம்மகிட்டதானே இருக்காரு. நமக்குள்ள எதுக்கு இந்தப் பேஜாரு?"

அண்ணனின் காது சிவந்துவிட்டது. மிரட்டல் மாதிரியே இல்லாத மிரட்டல் அது. அதற்குப் பிறகு நடந்ததைப் பேச்சுவார்த்தை என்று சொல்வதே தப்பு.

வக்கீலின் தீர்ப்பு இதுதான். வீரனுக்கு இரண்டு பாதி. முகமூடி போட்ட பாதி அவர்களுக்கு. முகமூடி இல்லாத பாதி, அதாவது தபால் ஆபீஸ் குமாஸ்தா, எங்களுக்கு. ஒருவர் பாதியை இன்னொருவர் திரையில் காட்டக் கூடாது. அவர்களுக்கு வரைய ஆள் இல்லையே என்று குடோன்காரன் இழுத்தபோது, அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தங்கச்சி வரைஞ்சு குடுப்பா" என்று சொல்லிவிட்டான். நான் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். அப்பாவுக்கு நாம்தான் தொல்லை கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே பின்னால் வந்தான். அவன் சொன்னது நியாயம்தான், அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதற்கப்புறம் எங்கள் வேட்டியில் குமாஸ்தா மட்டுமே வந்தான். ஸ்டாம்பு விற்றான், இட்லி சாப்பிட்டான், குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போய் எடுத்தான். இரண்டாவது வாரமே பிள்ளைகள் கோலி விளையாடப் போய்விட்டார்கள். குடோனிலும் பிழைப்பு நாறியது. அங்கே முகமூடிக்காரன் முதல் படத்திலேயே குத்த ஆரம்பித்துக் கடைசிப் படம் வரை குத்திக்கொண்டே இருந்தான். யார், எதற்குக் குத்துகிறான் என்று கேட்டால் சொல்ல முடியாது, அந்தப் பாதி எங்களிடம் இருந்தது. இரண்டு கம்பெனியும் படுத்துவிட்டன.

கடைசியில் அவர்களே இறங்கி வந்தார்கள். விடுமுறை முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை, குடோனில், இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரு முழுக்கதை. குமாஸ்தா ஆபீஸில் இருக்கிறான், தெருவில் அநியாயம் நடக்கிறது, முகமூடி போடுகிறான், சண்டை. சுவர் அவர்களுடையது, குரல் அண்ணனுடையது, படம் முழுக்க நான். பூதக்கண்ணாடி பெரியது என்பதால் படங்களையும் உள்ளங்கை அளவுக்கு வரையச் சொன்னார்கள். பகலெல்லாம் உட்கார்ந்து வரைந்தேன், விரல் நுனியெல்லாம் மை.

எல்லாம் முடிந்த பிறகுதான் அண்ணன் மெல்லச் சொன்னான், நான் வர முடியாதென்று. குடோனில் பெண் பிள்ளைகளை விடுவதில்லையாம். நம்பாமல் நானே சந்தில் குடோன்காரனை மறித்துக் கேட்டேன். அவன் கெட்டவன் இல்லை, சங்கடமாகத்தான் நின்றான்.

"ஆம்பளைங்க வேலை செய்ற எடம். அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாரு. உங்கண்ணன் வந்து எல்லாத்தையும் சொல்வான்ல."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, படங்களை வரிசையாக அடுக்கி, நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவி எடுத்துவிட்டு மற்றதை அண்ணனிடம் கொடுத்தேன். அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம். தெருவில் காக்கா கூட இல்லாத வெயில். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் சந்தை ஒட்டிய பின்கட்டுப் படியில், பாவாடை மடியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடோனிலிருந்து அண்ணனின் குமாஸ்தாக் குரல் கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். வில்லன் குரல் வந்தது. பிறகு சத்தம் நின்றது. பிறகு எல்லோரும் ஒரேயடியாகக் கத்தினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

அண்ணன்தான் முதலில் ஓடி வந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. முகமூடி மாட்டும் படம் எங்கே என்றான். மடியைக் காட்டினேன். கையை நீட்டினான். நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வெயில் குடோன் முற்றத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் விழாது, விளையாடாதே என்று கெஞ்சினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா வேலைக்கே உலை வெச்சிடாத" என்றான். உள்ளே அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நான் படத்தை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலேயே குடோன்காரனும் வக்கீலும் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு படத்துக்கு இவ்வளவு ஜாஸ்தி பண்ணுகிறாயே என்றான் குடோன்காரன். நான் படத்தைத் தூக்கிக் காட்டினேன். குமாஸ்தாவின் கை முகமூடியை மேலிருந்து கீழே இழுத்து மாட்டுகிறது. மூக்கு வரைக்கும் முகமூடி, கீழே முகம்.

"முகமூடி உங்களுது. முகம் எங்களுது. இது யாருதுன்னு சொல்லு, குடுத்துட்றேன்."

அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் சந்து மண்ணைப் பார்த்தார். அவர் கோடு சரியாக இந்தப் படத்தின் நடுவில் போயிருந்தது. அங்கே குடோனில் பிள்ளைகள் தகர டப்பாவைத் தட்ட ஆரம்பித்தார்கள். குடோன்காரன் வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உதட்டைக் கடித்தான்.

"வா. கதவாண்ட நின்னு பாத்துட்டுப் போய்டு."

"கதவாண்ட இல்ல. நான்தான் சொருகுவேன்."

அவன் குடோனைப் பார்த்துத் திரும்பி நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே ஒரே இருட்டு. காலுக்கடியில், தோல் கெடாமலிருக்கத் தூவிய உப்பு நறநறத்தது. பச்சைத் தோல் நாற்றம் தொண்டை வரைக்கும் இறங்கியது. பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் டப்பா சத்தம் நின்றது. வெளிச்சம் ஓட்டை வழியாக வந்து சுவரில் வெறுமனே விழுந்துகொண்டிருந்தது, ஓரம் ஏற்கெனவே மங்க ஆரம்பித்திருந்தது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிச் சொருகினேன்.

சுவரில் என் வீரன் நின்றான். ஆள் உயரம் இல்லை, அதற்கும் மேலே. அவன் விரல்களில் நான் போட்ட ஒவ்வொரு கோடும் கயிறு தடிமனுக்குத் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் மற்றதைப் பார்த்தேன். அவன் உடம்புக்குப் பின்னால், வெள்ளையாக, வளைவு வளைவாக நாலைந்து கோடுகள். நான் போடாத கோடுகள். சரியாகத் தேய்படாமல் விட்டுப்போன எக்ஸ்ரே. எங்கள் பல்பில் அது என்றைக்கும் தெரிந்ததில்லை, இந்தப் பூதக்கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். வீரனின் எலும்பைக் கூட வரைந்திருக்கிறாள் என்று கிசுகிசுத்தார்கள். குடோன்காரன் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தான்.

கூச்சலைக் கேட்டு உள்ளே வந்திருந்த குடோன் காவல்காரர் ஒருவர் கதவருகில் நின்றிருந்தார். முன்பு தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர், இருமலால் காவலுக்கு மாற்றப்பட்டவர். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு சுவர் வரை வந்தார். அந்த வளைவுகளின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெளிச்சம் அவர் கையின் மேலும் விழுந்தது.

"இது நெஞ்சுப் படம் பாப்பா. எனக்கும் எடுத்தாங்க. யாருது இது?"

அந்தக் கோடை முழுக்க அதே கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சந்தில் வக்கீலுக்குச் சொன்னேன், இப்போது குடோன்காரனையே மடக்கிவிட்டு வந்திருந்தேன். பெயர் இருந்த மூலை அம்மாவின் கத்தரிக்கோலில் போயிருந்தது. தெரியாது என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.

"ஆளு இருக்காரா?"

அதுவும் தெரியாது என்றேன். வெளியே கண்ணாடி பிடித்திருந்தவன் வெயில் போச்சு என்று கத்தினான். சுவர் அணைந்தது. அவர் இருமிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார், நாங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தோம்.

அதன் பிறகு எந்தப் பாதி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனும் குடோன்காரனும் என்னை இன்னொரு கதை வரையச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள், முன்வரிசையில் எனக்கு இடம் என்றும் சொன்னார்கள். நான் சோடாத் தண்ணீரில் புதுப் படம் ஒன்றை ஊறப்போட்டு, நாரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்கடியில் விலா எலும்புகள் தெளிவாகத் தெரிந்தன. தேய்க்கக் கை போகவில்லை.