அப்பாவின் காலும் என் ஈர்க்கும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, நான் ஒரு நோயாளி என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். எனக்கு எந்த நோயும் இருக்கவில்லை. நோய் அப்பாவுக்கு.

அப்பா பாண் ஓட்டோக்காரர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வீடு. விடியற்காலை நான்கு மணிக்கே பேக்கரிக்குப் போய், ஓட்டோவின் பின்னால் பூட்டிய கண்ணாடிப் பெட்டி நிறையப் பாணும் பணிசும் அடுக்கிக்கொண்டு, ஒரே ஒரு மெட்டு மட்டும் தெரிந்த ஒலிபெருக்கியைப் பாடவிட்டபடி ஊர் ஊராகப் போவார். காலையில் ஒரு சுற்று, பின்னேரம் ஒரு சுற்று. விற்காமல் மிஞ்சும் சீனி பணிசை எறிய மனம் வராமல் தானே தின்றுவிடுவார். இத்தனை வருடமாக எறியாமல் விட்டதன் பலன்தான் ஒருநாள் கிணற்றடியில் தலைசுற்றி உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று கேட்டுக்கொண்டு வந்ததும் என்பது அம்மாவின் தீர்ப்பு.

அப்பாவுக்கு வருத்தத்தை விட, அது வெளியே தெரிந்துவிடுமோ என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது. “பணிஸ் விக்கிறவனுக்கே சீனி எண்டா ஆரு நம்பி வாங்குவான்?” என்று அம்மாவிடமும் என்னிடமும் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவைத்தார்.

சமையலறையில் அன்றே சட்டம் மாறியது. முன்பு சோறு மலையாகவும் கறி அதன் அடிவாரத்திலும் இருந்த தட்டில், இப்போது பாதிக்குப் பொன்னாங்காணிச் சுண்டலும் பயற்றங்காயும், ஒரு துண்டு மீனும், மிச்ச இடத்தில் சிரட்டையால் அளந்த சிவப்பரிசிச் சோறும் வந்தன. இரவுக்குக் குரக்கன் பிட்டு. உன்னிச்சைப் பக்கமிருந்து வரும் எருமைத் தயிரில் சீனியைக் கொட்டிக் குழைத்துச் சாப்பிடுவதற்காகவே பிறந்தவர் போல இருந்தவருக்கு, இரண்டு கரண்டித் தயிர் மட்டும், சீனி இல்லாமல். சீனி போடாத தேநீரை அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தார். நாங்கள் யாரும் பார்த்துச் சிரிக்கவில்லை.

அடுத்தது நடை. தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் தாதி சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் வேலை இல்லாமல் ஒரு ஆண்பிள்ளை ரோட்டில் நடந்துவிட முடியாது. வேலியடியில் நிற்கிறவர், சைக்கிளில் போகிறவர், வலை காயப்போடுகிறவர் எல்லோருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். “என்ன, ஓட்டோ பழுதா?” என்று முதல் மூன்று நாளும் கேட்டார்கள். அப்பாவும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். நான்காம் நாள், ஓட்டோ ஓடியதைக் கண்ணால் கண்ட ஒருவர் மறித்துக் கேட்டபோது, அப்பா சட்டென்று என்னைக் காட்டினார்.

“மகளுக்கு நெஞ்சில சளி. ஒவ்வொரு நாளும் நடத்திக் கூட்டித் திரியச் சொல்லி டொக்டர் சொன்னவர்.”

அதிலிருந்து நான் நோயாளி. காலைச் சுற்றை முடித்துவிட்டு ஓட்டோவை வீட்டு வளவில் நிறுத்தி, அப்பா என்னை வாவிக்கரை ரோட்டால் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போவார். போகிற வழியெல்லாம் “இப்ப சுகமா மகள்?” என்று கேட்டார்கள். பொருத்தமான இடத்தில் இருமவும் பழகிக்கொண்டேன். அதுவரை விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ரோட்டில் ஆப்பக்கடை இருந்தது.

ஆப்பக்கடை மாமி அடுப்படியில் நிற்பார். கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவருடைய புருஷன் இருப்பார். அந்த மாமாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சாரத்தின் நுனி சும்மா தொங்கும். வாவிக்குள் வலை வீசப் போன இடத்தில் மட்டி ஓடு காலைக் கிழித்ததாம். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி போய்விடுமாம். கிழித்ததே தெரியாமல் ஒரு கிழமை திரிந்திருக்கிறார். பிறகு வெட்ட வேண்டியதாகிவிட்டது. இதை அம்மா பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்து அப்பாவிடம் அழுதழுது சொன்னபோது, நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அன்றைக்குப் பிடித்தது பயம். அந்தக் கடையைத் தாண்டும்போது நான் வாவிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பின்னேரச் சுற்றில் அப்பாவின் மெட்டு தூரத்தில் கேட்கும்போது படித்துக்கொண்டிருப்பேன். அது ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் எழுத்து ஓடாது. விழுந்துவிட்டாரோ, கால் போய்விட்டதோ என்று வேலியடிக்கு ஓடிப்போய்க் காதைக் கொடுப்பேன். யாரோ நான்கு பணிஸ் வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

பயத்தைச் சும்மா வைத்திருக்க முடியாமல் நானே ஒரு பரிசோதனை கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடம் விட்டு ஒன்றே முக்காலுக்கு வீடு வருவேன். அப்பா அந்நேரம் கட்டிலில் படுத்திருப்பார். வலது கால் சுவர்ப்பக்கம், இடது கால் என் பக்கம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக்கொண்டு, பூனை மாதிரி உள்ளே போய், அந்த இடது உள்ளங்காலைத் தொடுவேன். அப்பா தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொள்வார். அப்பாடா என்று இருக்கும். உணர்ச்சி இருக்கிறது, வெட்ட மாட்டார்கள். அதன் பிறகுதான் எனக்குப் பசிக்கும். சில நாட்களில் ஈர்க்கு படுவதற்கு முன்பே இழுத்துவிடுவார். அவ்வளவு நல்ல கால் என்று நான் இன்னும் சந்தோஷப்படுவேன்.

பின்னேரங்களில் அவர் அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து, காலைத் தூக்கி, உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்க்க வேண்டிய கண்ணாடியில் காலைப் பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

இப்படி நான் காவல் காத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பாவின் சட்டைப் பையில் டொஃபிகளைக் கண்டேன். மூன்று, மினுங்கும் தாளில் சுற்றியவை. சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா வாயில் இனிப்பு வைத்தால் உடனே சொல்ல வேண்டும் என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னால் அம்மா அழுவார். சொல்லாவிட்டால் கால் போய்விடும். நெடுநேரம் யோசித்து, டொஃபிகளை எடுத்துக்கொண்டு போய் வாவிக்குள் எறிந்தேன். இரண்டு நாள் கழித்து மீண்டும் மூன்று இருந்தன. அவற்றையும் எறிந்தேன். மூன்றாம் தரமும் இருந்தன, அவையும் வாவிக்குள் போயின. ஒரு மனிதனுக்கு இவ்வளவு நாக்கு இருக்கக்கூடாது என்று எனக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது.

அடுத்த கிளினிக் நெருங்கியபோது அப்பாவும் எங்கள் ஊர்ச் சீனி வருத்தக்காரர் எல்லோரும் செய்வதைச் செய்தார். சோதனைக்கு முந்திய இரண்டு நாள் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி குறைந்து காட்டும், டொக்டர் ஏச மாட்டார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். கிளினிக் வியாழக்கிழமை. செவ்வாய் இரவு அப்பா பிட்டைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னார். புதன் விடிய, கிளினிக்கில் தந்த சீனிக் குளிசையை மட்டும் விழுங்கிக்கொண்டு காலைச் சுற்றுக்குப் போய்விட்டு வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

ஆப்பக்கடைக்குக் கொஞ்சம் முன்னால், கண்டல் மரங்கள் நிற்கிற இடத்தில், அப்பாவின் கை என் கைக்குள் நனைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை. காலைக் காற்று குளிராக வீசிக்கொண்டிருந்தது. “கொஞ்சம் இருப்பம் மகள்” என்றார். ரோட்டோரத்தில் இருந்தார். கை நடுங்கியது. அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். துழாவினார். மற்றப் பக்கம் பை இல்லாத இடத்திலும் துழாவினார். பிறகு என்னைப் பார்த்து, “பாணெல்லாம் முடிஞ்சு பெய்த்து, நாளைக்கு வாங்க” என்றார். என்னை அவருக்குத் தெரியவில்லை.

நான் கத்திய கத்தலில் மாமி கரண்டியோடு ஓடி வந்தார். அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர், புருஷனுக்கும் இப்படி வந்ததைக் கண்டவர் என்பதால், உடனே திரும்பி ஓடி, ஒரு கிளாஸ் தண்ணீரில் சீனியை அள்ளிக் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தார். நான்கு கரண்டி இருக்கும். கிளாசுக்கு அடியில் கரையாத சீனி வெள்ளையாகக் கிடந்தது.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கிளாஸ் ரோட்டில் விழுந்து உடைந்தது.

“குடுக்காதீங்க! சீனி குடுத்தா கால வெட்டிப் போடுவாங்க!”

கால் வெட்டுப்பட்ட மாமா ஊன்றுகோலோடு எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் காணவில்லை. ஒரு கையால் என் தோளைப் பிடித்துத் தன்னோடு இறுக்கிக்கொண்டார். உதறிப் பார்த்தேன், முடியவில்லை.

“இஞ்ச பாருங்க மகள். எனக்குச் சீனி கூடித்தான் கால் போன. இப்ப உங்கட அப்பாக்குச் சீனி இல்லாமப் போகுது. இப்ப இது மருந்து. குடுக்காட்டி ஆள் போயிருவார்.” பிறகு மாமியைப் பார்த்து, “மற்றக் கிளாசக் கொண்டா, கெதியா” என்றார்.

இரண்டாவது கிளாசை மாமி கொஞ்சம் கொஞ்சமாக அப்பாவின் வாயில் விட்டார். பாதி வழிந்தது. பாதி இறங்கியது. மாமாவின் பிடிக்குள் நின்றுகொண்டு, அவருடைய இல்லாத காலுக்குப் பக்கத்தில், என் அப்பா சீனி குடிப்பதைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிடம் அதற்குப் பிறகு வரவில்லை.

அப்பாவின் நடுக்கம் நின்றது. முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். “ஏன் மகள் அழுறீங்க?” என்று கேட்டார். மகள் என்றார். அவ்வளவுதான், எல்லாம் என் வாயிலிருந்து கொட்டிவிட்டது.

“டொஃபிய நான்தான் எடுத்த. வாவிக்குள்ள எறிஞ்ச.”

அப்பா தன் வெறும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தலை சுற்றினால் உடனே வாயில் போடச் சொல்லித் தாதி சொன்ன டொஃபிகள் அவை. மயங்கி விழவும் கூடும் என்று தெரிந்தால் அம்மா பயந்துவிடுவார் என்று யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

“மூண்டு தரமும் நீங்கதானா?” என்றார் கடைசியில். “நான் பை ஓட்டை எண்டு நினைச்சு உங்கட அம்மாக்கிட்டத் தைக்கக் குடுத்த.”

மாமி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி கொடுத்த ஒரு ஆப்பத்தை அப்பா சாப்பிட்டு முடித்த பிறகு, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், மாமி எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

மறுநாள் கிளினிக்கில் அப்பா உண்மையைச் சொன்னார். குளிசையும் போட்டுப் பட்டினியும் கிடந்ததற்காகத் தாதி அவரை எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினாராம். வரிசையில் இருந்த பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்களாம். அன்றிலிருந்து அப்பா சோதனைக்கென்று பட்டினி கிடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அளந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, மழை என்றால் குடையோடும் நடந்தார். மாதங்கள் போகப் போகச் சீனி இறங்கியது. குளிசையும் பாதியாகக் குறைந்தது. இரகசியமும் உடைந்துவிட்டது. வியாபாரம் படுக்கவில்லை. வேலியடியில் சீனி பணிஸ் வாங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பேர், தங்களுக்கும் இருக்கிறது என்று குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னார்கள்.

டொஃபிகளை அப்பா அதற்குப் பிறகு தன் பையில் வைக்கவில்லை. என் பள்ளிக்கூடப் பையின் முன்னறையில் வைத்தார். “இனி நீங்கதான் காவல்” என்றார். அது தண்டனை என்று நினைத்தேன். ஒன்றைக்கூட நான் தின்னவில்லை. உருகிப்போனால் அப்பா புதிதாக மாற்றுவார்.

ஈர்க்குப் பரிசோதனையும் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் தொட்டேன். ஒவ்வொரு நாளும் அவர் காலை இழுத்துக்கொண்டார்.

போன வருடம் விடுமுறையில் வந்தபோது அப்பாவைக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். கால் இரண்டும் இருக்கின்றன. புதிதாக வந்திருந்த இளம் டொக்டர் அப்பாவைக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடச் சொன்னார். ஈர்க்கு நுனி அளவான ஒரு நைலோன் நரம்பால் உள்ளங்காலை இடம் இடமாகத் தொட்டு, பட்டால் சொல்லும்படி கேட்டார். வலது காலில் அப்பா ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இடது காலுக்கு மாறியதும் பேச்சில்லை. டொக்டர் நான்கைந்து இடத்தில் தொட்டுவிட்டார். அப்பா கண்ணை மூடியபடி, இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

“இந்தக் கால் எப்ப இருந்து இப்படி ஐயா?”

“அது துவக்கத்திலேயே செத்துப் பெய்த்து டொக்டர்” என்றார் அப்பா. “முதல் கிளினிக்கிலேயே தாதி மிஸ்ஸி பாத்துச் சொன்னவ.”

நான் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பிய மனிதர், ஒன்றே முக்கால் வரைக்கும் தூங்காமல், இமையை ஒரு கீற்று மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, ஈர்க்கோடு நான் வரும்வரை படுத்திருந்திருக்கிறார். காலை இழுத்ததும் நான் நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். அதற்குப் பிறகுதான் அவர் தூங்கியிருப்பார்.