நிலக்கரி மூச்சைப் பிடித்த நாள்

“…அதான் வாயு நின்னு போச்சுன்றியே, நல்லதுதானம்மா? அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீற?” என்று கேட்டார் தனம் அக்கா. அடையாறில் எங்கள் குடியிருப்பு வாசலில் வண்டி போட்டுத் துணி தேய்ப்பவர். சென்னைக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பழகாத விஷயம் இது. ஜார்க்கண்டில் நீங்களும் நானும் வளர்ந்த நிலக்கரிக் காலனியில் ஒருத்தி முகம் வாடி நின்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பேசாமல் வந்து பக்கத்தில் நிற்பார்கள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். இங்கே முதலில் கேட்டுவிடுகிறார்கள், அப்புறம்தான் துணியை வாங்குகிறார்கள்.

மகளின் கல்லூரிக்காக நானும் அவளும் இங்கே வந்துவிட்டோம். கணவர் அங்கேயே இருக்கிறார். நிலக்கரியை வெட்டுவதற்கு முன்னால் அதற்குள் நீளமான துளைகள் போட்டு மீத்தேன் வாயுவை வெளியே இழுத்துவிடும் வேலை அவருக்கு. அன்று காலை ஷிப்டுக்கு இறங்கும் முன் அழைத்தார். “நேத்து வரைக்கும் நல்லா வந்துட்டிருந்த துளைங்க, இன்னிக்கு ஒண்ணுமே வரல. வாயு காலியாயிடுச்சு, வெட்டலாம்னு மேனேஜர் சாஹிப் சொல்றார். எனக்கென்னவோ உள்ள இறுகிக் கிடக்குன்னு தோணுது. கீழே போய் அவர்கிட்ட பேசிப் பாக்கறேன்.” அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. இறங்குகிறவரிடம் அதைச் சொல்லக்கூடாது என்பது நம் காலனி வழக்கம்.

காலனியில் இருக்கும் உங்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டாம். தனம் அக்காவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நான் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசியதைக் கேட்டே தெரிந்துகொண்டவள். பார்க்கக் கல்லாக இருந்தாலும் நிலக்கரிக்குள் மயிரிழை போல ஆயிரம் வெடிப்புகள். வாயு நடந்து வரும் வழி அதுதான். ஓரிடத்தில் கரியை வெட்டி எடுத்துவிட்டால், அது தாங்கிக்கொண்டிருந்த மலைச்சுமை அடுத்திருக்கும் கரியின்மேல் போய் உட்காரும். சுமை அழுத்த அழுத்த வெடிப்புகள் வாயை மூடிக்கொள்ளும். துளையில் வாயு வராது, ஆனால் உள்ளே அப்படியே இருக்கும். ‘மூச்சைப் பிடிச்சிருக்கு’ என்பார்கள் நம் பெண்கள். அப்படி ஒரு சேதி வந்த அன்று எந்த வீட்டிலும் தாளிக்கிற வாசனை வராது.

“தீபாவளிக்கு முன்னால ரங்கநாதன் தெருவுல மாட்டிக்கிட்டேன்க்கா. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு, தெருவுலேருந்து ஒருத்தரும் வரலியே, உள்ள ஆளே இல்லைன்னு தோணும். அந்த மாதிரிதான் இது.”

“தீவாளி டைம்ல உன்ன யாரு அங்க போச் சொன்னது?” என்று சிரித்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அப்ப, முன்னால கீற நாலு பேரு நவுந்தா?”

“மொத்தக் கூட்டமும் ஒரே தள்ளா வந்து விழும்க்கா. கரியை வெட்டினா முன்னால இருக்கிற பிடி தளர்ந்துடும். வெடிப்பெல்லாம் ஒரேயடியா திறந்துக்கும். அப்ப வாயு மட்டும் வராது, கரியையும் உடைச்சிக்கிட்டு…”

“வாய கழுவு,” என்றார் தனம் அக்கா.

அவர் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. இடித்துவிட்டு, பெருங்குடிக்கும் அப்பால் அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். தினமும் பஸ் பிடித்து இங்கேயே வருகிறார். “தூங்கறதுக்கு அங்க, பொழைக்கிறதுக்கு இங்க,” என்பார். எனக்கும் அதே கதைதான். உடம்பு அடையாறில், காது மட்டும் சுரங்க வாசலில். இந்த ஊரில் எல்லாமே தரைக்கு மேலே நடக்கிறது. கடற்காற்று, கோயில் மணி, ஆட்டோக்காரர்களின் சண்டை. கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் கவலையில்லை. நான் மட்டும் காலை அழுத்தி வைக்காமல் நடக்கிறேன்.

சுரங்கத்துக்குள் செல்பேசி கொண்டுபோகக் கூடாது. மேலே ஏறியதும், தலைவிளக்கைத் திருப்பிக் கொடுக்கும் விளக்கறையில் இருக்கும் தொலைபேசியிலிருந்துதான் அவர் பேசுவார். நல்ல சேதி வருவது அந்த எண்ணிலிருந்துதான். வேறு சேதி என்றாலும் அதே எண்தான். ஷிப்டு முடிகிற நேரம் தாண்டியது. தனம் அக்காவின் பஸ்ஸும் போயிற்று. “போவட்டும், அடுத்தது வரும்,” என்று சொல்லி, தேய்த்து முடித்த சேலையையே மறுபடி பிரித்துப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.

வண்டியின் மேல் வைத்திருந்த என் செல்பேசி அதிர்ந்தது. விளக்கறை எண். என் கை எழவில்லை.

“எடும்மா.”

“நீங்க எடுங்கக்கா.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். எடுத்த எடுப்பில், பார்த்தே இராத அந்த மனிதரிடம், “நைனா, மேல வந்துட்டியா?” என்றார். பிறகு, நான் நிற்கும் இடத்துக்கே கேட்டது, தூசி அடைத்த, களைத்த குரல்: “கோன் போல் ரஹி ஹை?” யார் பேசுவது என்கிறார். மனைவியின் எண்ணில் முன்பின் தெரியாத குரல் வந்தால் நம் காலனிக்காரன் வாயில் இந்திதானே முதலில் வரும்! என் வீட்டுக்காரரின் குரல். மேலே வந்துவிட்டார். வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மறு கையைச் செல்பேசிக்கு நீட்டினேன்.

“பயப்படாத, உன் வூட்டுக்காரர் இல்ல. எவனோ இந்திக்காரன், ராங் நம்பர்,” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தார் தனம் அக்கா.