மாப்பிள்ளைக் காரில் அடித்த அலாரம்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதம். பூதலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் சம்பா அறுவடை ஒரு பக்கம், என் தம்பியின் கல்யாண வேலை ஒரு பக்கம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே நான் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். பந்தல்காரரைப் பார்க்க வேண்டிய மாப்பிள்ளையோ லேப்டாப்பும் கையுமாகக் காருக்குள்ளேயே குடியிருந்தான்.

பழைய கார்தான், ஆனால் டர்போ வைத்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சின்னக் காற்றாடி அது. அழுத்தம் கூடினால் இழுவை கூடும். அளவு மீறினால் இன்ஜின் உடைந்துவிடும் என்பதால், காரின் கம்ப்யூட்டரில் ஒரு எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்து வண்டியை அடக்கிவிடும். தம்பி அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியிருந்தான், எல்லையை மாற்றவில்லை. அதனால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது.

சோதித்துப் பார்க்க இன்ஜினுக்கு நல்ல பாரம் வேண்டுமாம். மலைப்பக்கத்து ஆட்கள் மேட்டில் ஏற்றிப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான், அதுவும் ஏறுவதற்குள் இறங்கிவிடும். அவன் என்ன செய்தான் தெரியுமா? கொள்முதல் நிலையத்துக்குப் போக வேண்டிய நெல் மூட்டைகளில் ஆறைத் தூக்கிக் காருக்குள் அடுக்கிவிட்டான். விடிந்ததும் ஆளில்லாத நேர் ரோட்டில் அவன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏறும் எண்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும். நான் கணக்கு டீச்சர் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. "நெல்லைக் கார்ல ஏத்தி ஊர் சுத்திக் காட்டுற ஒரே மாப்பிள்ளை நம்ம வீட்டுலதான்யா இருக்கான்" என்று அப்பா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தன்று, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு வண்டி வெட்டி இழுத்தால் மானம் போய்விடும் என்பதுதான் அவன் கவலை. அந்த எல்லையைத் தூக்கி உச்சத்தில் வைத்துவிட்டால் தொந்தரவே இராது என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்களாம். அப்படியே செய்துவிடலாம் என்று இருந்தான். எனக்கும் தினமும் அந்த உலுக்கலில் இடுப்பு வலி. சீக்கிரம் வைத்துத் தொலைடா என்றுதான் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணிடமிருந்து போன். அவள் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் நர்ஸ். ஸ்பீக்கரில் போட்டு இவன் கதையைச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"எங்க வார்டுலயும் புதுசா வர்ற பிள்ளைங்க இதைத்தாங்க செய்யும். மானிட்டர் சும்மா சும்மா கத்துதேன்னு அலாரத்தை மேல ஏத்தி வெச்சிரும். முதல்ல அந்த ஆளுக்கு எது நார்மல்னு பாருங்க. அதுக்குக் கொஞ்சமே மேல வைங்க. ரொம்ப மேல வெச்சா, அது அடிக்கிறப்ப நம்ம கையில ஒண்ணும் இருக்காது."

தம்பி போனை வைத்ததும் என்னைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அந்த நிமிடமே எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது.

அடுத்த இரண்டு மூன்று நாள் மறுபடி மறுபடி ஓட்டி, அழுத்தம் அதிகபட்சம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு பிடி மேலே எல்லையை வைத்தான். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. அதோடு கல்யாணக் கூட்டம் வர ஆரம்பிக்க, மூட்டைகளை இறக்க எல்லோரும் மறந்துவிட்டோம். வைக்கோல் போருக்குப் பக்கத்துக் கொட்டகையில் கார் நெல்லோடு இரண்டு ராத்திரி நின்றது. பூ ஜோடிக்கும்போதுதான் இறக்கினோம்.

கல்யாணம் கும்பகோணத்தில், பெண்ணின் பங்குக் கோயிலில், அதாவது அவர்கள் சர்ச்சில். உறவுக்காரர்கள் வேனில் முன்னே போய்விட்டார்கள். மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்குத் தானே ஓட்டுவேன் என்று ஒரே பிடிவாதம். பூ ஜோடித்த காரில் கோட்டு சூட்டில் அவன், பக்கத்தில் அப்பா, பின்னால் நான். பாபநாசம் தாண்டி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்றை முந்த வேகம் எடுத்தான். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி கார் வெட்டியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எதிரே பஸ். நல்லவேளை, தம்பி பதறாமல் டிராக்டருக்குப் பின்னாலேயே ஒதுங்கிக்கொண்டான். அப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தான். எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"அக்கா, எலிக்கா."

டர்போவில் அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிட ஒரு வால்வு உண்டு. அதற்குப் போகும் சின்ன ரப்பர் குழாயை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. பக்கத்தில் உமி. வால்வு திறக்காததால் அழுத்தம் தறிகெட்டு ஏறியிருக்கிறது. கம்ப்யூட்டர் எல்லையைக் கண்டு அடக்கிவிட்டது. உச்சத்தில் வைத்திருந்தால் இன்ஜின் நடுரோட்டிலேயே உடைந்திருக்கும், எதிரே அந்த பஸ் வேறு என்றான் தம்பி.

"எலிக்கு நீ கல்யாணத்துக்கு முன்னாடியே பந்தி போட்டுட்டியேடா" என்றார் அப்பா. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காலை அழுத்தாமல் மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றான். அதே வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஜோடித்த ரோஜாவெல்லாம் வைக்கோல். கல்யாணத்துக்கான கோயில் மணி அடித்து முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். சாமியார் காத்திருப்பார், பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கோயில் வாசலில் தலையில் வெள்ளை நெட்டோடு மணப்பெண்ணே வந்து நின்றுகொண்டிருந்தாள். காரைப் பார்த்தாள், வைக்கோலைப் பார்த்தாள், இன்ஜின் அழுக்கில் கருப்பான அவன் கையைப் பார்த்தாள். ஏன் லேட் என்று கேட்கவில்லை.

"அலாரம் அடிச்சுதா?"

"அடிச்சுது" என்றான் அவன். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அவள் கைக்குட்டையை எடுத்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, "அப்ப சரி, வாங்க" என்றாள்.

குழாயை மறுநாளே மாற்றிவிட்டான். எல்லையை மட்டும் இன்று வரை தொடவில்லை. எனக்கும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வீட்டில் என் மகளோ கணவரோ திடீரென்று எரிந்து விழுந்தால், முன்பெல்லாம் அந்த வாயை அடைக்கத்தான் பார்ப்பேன். இப்போது எங்கே எலி கடித்திருக்கிறது என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன்.