துக்க வீட்டுக்கு வந்த பாலன்

மலேசியாவில் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், 1979 டிசம்பரில், லாரி கவிழ்ந்து நவமணியின் புருஷன் சவரிமுத்து செத்துப்போனான். அடுத்த வாரம், திருவருகைக் கால வழக்கப்படி பாலன் இயேசு சொரூபத்தோடு வீடு வீடாகப் பாடி வந்தவர்கள், துக்க வீடென்று அவள் வாசலைத் தாண்டிப் போனார்கள்.

நவமணி ஓடிப்போய் மறித்தாள். "சிரிக்கிற வீட்டுக்கு மட்டும்தான் வருவாரா உங்க சாமி?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்மா" என்றார் பாடகர்களை அழைத்து வந்த உபதேசியார்.

"இப்ப மட்டும் நோகலையா? குடுங்கண்ணே."

சொரூபத்தைப் பிடுங்கிப் புருஷன் நாற்காலியில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"லாரி பிரேக் பழுதுன்னு ஆபீஸ் கிராணிக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

வெகுநேரம் சொரூபத்திடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். உபதேசியார் சொரூபத்தை எடுத்துக்கொள்ள மெல்லக் கை நீட்டினார்.

"இன்னும் திட்டி முடிக்கல லா. காலையில வாங்க."

கதவைச் சாத்தினாள். புருஷன் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள்.