தொண்ணூறு போட்ட பாலம்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருடைய கைபேசியிலும் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். அரசாங்கக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் நின்று நாலு படம் எடுத்துப் போட்டால் போதுமாம். எத்தனை சதவீதம் முடிந்தது, ஒப்பந்தக்காரர் எவ்வளவு திறமையாகச் செய்கிறார் என்று அதுவே கணக்குப் பார்த்துப் பச்சைப் பொட்டோ சிவப்புப் பொட்டோ வைத்துவிடும். மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சதவீதம் என்று யாராவது சொன்னாலே எனக்கு ஈரச் சீமெந்து வாடை அடிக்கும்.

அந்த வாடை கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வாடை. அரசாங்க வேலைகளைப் பார்வையிட்டு எழுதும் உத்தியோகத்தில் நான் சேர்ந்த புதிது. மலைப் பாதையில் பஸ் ஏறினாலே வயிற்றைப் புரட்டும் எனக்கு, அதனால் ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் அளவு நாடா. இந்தக் கோலத்தில் போய் இறங்கி, வேலை செய்கிறவர்களை அதட்டுவேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போது தெரியவில்லை. அவ்வளவு தலைக்கனம்.

தோட்டத்தின் கீழ் டிவிசனுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஆறு. வெயில் நாளில் கல்லில் கால் வைத்துத் தாண்டலாம். மழை பிடித்துக்கொண்டால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் இந்தப் பக்கம். அதற்காகத்தான் மூன்று கண் வைத்து ஒரு பாலம். என் படிவத்தில் அத்திவாரத்துக்கு இவ்வளவு, தூணுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்திருந்தது. எல்லாம் கூட்டினேன். தொண்ணூறு. லயத்துப் பக்கக் கண்ணுக்கு மேல்தளம் மட்டும் பாக்கி. ‘வேலை திறமையாக நடக்கிறது’ என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

அன்று இடுப்பில் கட்டிய கொழுந்துப் படங்குச் சாக்கோடு வந்து என் பக்கத்தில் நின்றவர் லெட்சுமி அக்கா. அந்த லயத்தில் இருந்தவர்.

“ஆடிக்கு முன்ன முடிஞ்சிருமா மிஸ்? மக ராகலையில இருக்கு. தலைப்பிரசவம், நம்ம வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரணும். பாலம் இல்லாட்டி அங்கயே இருக்கட்டும்னு பாக்குறேன்.”

“தொண்ணூறு முடிஞ்சிருச்சுக்கா. இன்னும் பத்துதான். தைரியமா கூட்டிட்டு வாங்க.”

எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே சொன்னேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் அடுத்த வாரமே ஆட்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வேறொரு பெரிய வேலைக்குப் போய்விட்டார். தொண்ணூறு முடிந்த வேலையை யாரும் துரத்துவதில்லை. கோப்பில் என் கையெழுத்தோடு திறமை என்று வேறு இருந்தது.

ஆடி மழை நடுவில் மறுபடி போனேன். இரண்டாவது கண்ணின் விளிம்பில் நின்றேன். அதற்கு அப்பால் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஆறு மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் லெட்சுமி அக்கா. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அக்கா, மக எப்படி இருக்கு?”

“மக இருக்கு மிஸ். புள்ளதான் இல்ல. வலி வந்ததும் மகளக் கம்பளியில கட்டி மலையச் சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க. வழியிலயே பொறந்து வழியிலயே போயிருச்சு.”

பிறகு அவரே ஒன்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார்.

“நாங்க கொழுந்து ஒரு கிலோ கொறைச்சுக் கொண்டாந்தாலும் அரைப் பேருதான் போடுறாங்க. மீதிய எவ்வளவு ஆஞ்சோம்னு யாரும் கேக்குறதில்ல. இந்தக் கரைக்கே வராத பாலத்துக்கு நீங்க எப்படி மிஸ் தொண்ணூறு போட்டீங்க?”

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டியதை வைத்து ஒரு நாள் உழைப்பையே பாதியாக எழுதுவார்கள், அதுதான் அரைப் பேர். என் கூட்டலில் பிழை இல்லை. எத்தனையோ தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அலுவலகத்துக்குத் திரும்பி, சதவீதக் கட்டத்தில் ‘அரைப் பேர்’ என்று எழுதிக் கொடுத்தேன். “மே மொகக்த?” என்று மேலதிகாரி சிங்களத்தில் கத்தினார். இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? விளக்கினேன். தலையைச் சொறிந்தார், அதை வெட்டிவிட்டுத் தொண்ணூறு என்றே எழுதினார். ஆனாலும் யாரிடமோ தொலைபேசியில் சத்தம் போட்டது காதில் விழுந்தது. மூன்றாவது கண்ணுக்குத் தளம் விழ அடுத்த மாசி ஆனது.

செயலியைப் பழகிப் பார்க்க, முடிந்த வேலை ஒன்றைப் படம் எடுத்து வரச் சொன்னார்கள். கால் அங்கேதான் இழுத்தது. கொட்டகலையில் இறங்கி நடந்தேன். பாலம் உறுதியாக இருக்கிறது, கைப்பிடிச் சுவரில் பாசி. நாலு படம் எடுத்தேன். நூறு, பச்சைப் பொட்டு. லயத்தில் கூரைத் தகரமே இல்லை. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புப் பக்கம் போய்விட்டன. லெட்சுமி அக்காவும் மகளோடு ராகலைக்குப் போய்விட்டார் என்று கடைக்கார நானா சொன்னார். செயலியில் கையால் எதுவும் எழுத இடமில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது கண்ணைத் தாண்டி, லெட்சுமி அக்கா நின்று கேட்ட இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் ரோடு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.