அணுக்கடிகார அறையின் சூடு

நிலையத்தில் எல்லோரும் அவளைக் கடிகாரக்காரி என்பார்கள். வழிகாட்டும் செயற்கைக்கோள்களுக்கு நேரம் சொல்லும் அணுக்கடிகாரம் அவள் பொறுப்பு. பதினொரு வருடமாக ஒப்பந்த ஊழியர். நொடியை நூறு கோடித் துண்டாக்கினால், அதில் மூன்று துண்டு பிசகினாலே சாலையில் போகும் வண்டி வரைபடத்தில் ஒரு மீட்டர் தள்ளித் தெரியும். அறையின் சூடு மாறினால் கடிகாரமும் பிசகும்; உள்ளே ஆள் நின்றாலே சூடு ஏறும். அதனால் அவள் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருப்பாள். வீட்டிலும் பேச ஆளில்லை. தினமும் மூன்று மணிக்கு உள்ளே போய் ஏசியைப் பார்த்துவிட்டு வரும் மெக்கானிக்கோடு பத்து நிமிஷம் சிரித்துப் பேசுவதுதான் அவளுடைய மொத்தப் பேச்சு.

செவ்வாய்க்கிழமை கடிகாரம் பன்னிரண்டு துண்டு பிசகியது. மேலதிகாரி கடிதத்தைத் தயாராகவே அடித்துக் கொண்டுவந்தார். 'ஒப்பந்த ஊழியர் கதவைத் திறந்து வைத்துவிட்டார்.'

"ஒரு கையெழுத்து போடும்மா. எச்சரிக்கையோட முடிஞ்சிடும்."

"அன்னிக்கு உள்ள இருந்தது யாரு சார்?"

"விருந்தாளிங்க, ஆறு பேர். பெரிய இடம்மா."

"பெரிய இடம்னா உடம்புல சூடு இருக்காதா சார்?"

அவர் முகம் சுண்டிப்போனது. தவறு எங்கே நடந்தாலும் அது கீழே நிற்பவர் தலையில்தான் விழவேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போடவில்லை. ஓராண்டு வெப்பப் பதிவைத் தலைமையகத்துக்கு அனுப்ப எடுத்துவைத்தாள். அந்த ஓராண்டில் விருந்தாளிகள் வந்த நான்கு நாளும் வெப்பக்கோடு மேடேறியிருந்தது. ஆனால் தினமும் மூன்று மணிக்கும் ஒரு சின்ன மேடு இருந்தது.

மெக்கானிக் எட்டிப் பார்த்தான்.

"இந்தச் சின்ன மேடு நான்தானேக்கா?"

"நீதான்."

"என் மேட்டை மட்டும் அழிச்சிடுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"அழிச்சா, மத்ததையும் நானே வரைஞ்சேன்னு சொல்லுவாங்க தம்பி."

அழிக்காமலே அனுப்பினாள். தலைமையகம் அவள் சொன்னதை ஏற்றது. அவள் மேல் பழி இல்லை. அதோடு ஓர் உத்தரவும் வந்தது: அறைக்குள் இனி யாரும் போகக்கூடாது, ஏசியை வெளியிலிருந்தே இயக்க வேண்டும், மெக்கானிக்குக்கு இனிமேல் கடலோர நிலையத்தில் வேலை.

வெள்ளிக்கிழமை அவன் பெட்டியோடு வாசலில் நின்றான்.

"ஜெயிச்சிட்டீங்கக்கா. இனிமே மூணு மணிக்கு யாருகூட பேசுவீங்க?"

"பஸ்ஸு வருது, போய் ஏறு."

பஸ் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே கடிகாரம் என்றுமில்லாத துல்லியத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் அங்கே ஆளில்லை.